அம்பு அமரும் இடம்

சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கு வில் ஒரு பெரிய சௌகரியம். கதாநாயகன் வில்லை வளைத்தான், நாணைச் செவி வரை இழுத்தான், அம்பு பாய்ந்தது, பகைவன் சாய்ந்தான் என்று நாலு வாக்கியத்தில் ஓர் அத்தியாயத்தை முடித்துவிடலாம். நானும் அந்த வகையில் எத்தனையோ பேரைச் சாய்த்திருக்கிறேன். வாசகர்களில் ஒருவராவது, "ஐயா, நாணை இழுத்துப் பிடித்த அந்த நேரத்தில் அம்பின் முன்பாதி எதன் மேல் இருந்தது?" என்று கேட்டதில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான். அம்புக்குப் பிடிமானம் இரண்டே இடத்தில். பின்னால் நாண், முன்னால், வில்லின் பிடிக்கு அருகே ஏதோ ஒன்று. அந்த 'ஏதோ ஒன்று' இல்லாவிட்டால் அம்பு காலடியில் விழும். இருந்தாலோ, பாய்கிற அம்பை அதுவே உரசி, இடறி, திசை மாற்றிவிடும். வேண்டும், ஆனால் வேண்டாம். இருக்க வேண்டும், ஆனால் அம்பு புறப்பட்ட பிறகு இருக்கக் கூடாது. இந்தச் சங்கடத்தைத் தீர்க்க மனிதன் பட்ட பாட்டை விசாரித்துப் பார்த்தபோது, எந்த ராஜ வம்சத்தின் கதைக்கும் குறையாத சுவாரசியம் அதில் இருப்பதைக் கண்டேன்.

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னனுடைய 'மேரி ரோஸ்' என்ற போர்க் கப்பல் 1545-ஆம் ஆண்டு கடலில் மூழ்கிப் போயிற்று. 1982-ல் அதை மேலே தூக்கினார்கள். சேறு மூடிக் காப்பாற்றிய பொருள்களில் நூற்றுக்கு மேற்பட்ட முழு வில்களும், ஆயிரக்கணக்கான அம்புகளும் இருந்தன. வில்கள் யூ மரத்தில் செய்தவை. ஆள் உயரத்தையும் தாண்டியவை. அவற்றில் அம்பை வைப்பதற்கென்று ஒரு பள்ளமோ, படியோ, முளையோ கிடையாது. வழவழவென்று ஒரே தண்டு. அப்படியானால் அம்பு எங்கே இருந்தது? வில்லாளியின் இடது கை முட்டியின் மேல். அவனுடைய தோலும் எலும்புமே தாங்கி.

இதில் ஒரு பொருத்தம் பாருங்கள். அதே 1545-ல்தான் ரோஜர் ஆஷாம் என்ற அறிஞர் வில்வித்தையைப் பற்றி 'டாக்ஸோஃபிலஸ்' என்ற நூலை எழுதி, அந்த ஹென்றி மன்னனுக்கே சமர்ப்பித்தார். அம்புக்கு வாத்தின் இறகே சிறந்தது என்பது அவருடைய கட்சி. கை முட்டியின் மேல் வைத்து எய்கிறவனுக்கு இறகு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இறகு படிந்து கொடுக்கும். கையை உரசிக்கொண்டு போனாலும் மடங்கி, மறுபடி நிமிர்ந்துகொள்ளும். இந்த 'மடங்கி நிமிர்தல்' என்ற குணத்தை வாசகர்கள் சற்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நானூறு வருஷம் கழித்து அது போன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

கிழக்கே வழக்கம் வேறு. துருக்கியர், மங்கோலியர், மொகலாயர் எல்லோரும் கட்டைவிரலால் நாணை இழுத்தவர்கள். நாண் விரலை அறுக்காமலிருக்கக் கட்டைவிரலில் ஒரு மோதிரம்; ஷாஜஹானின் பட்டப்பெயர் பொறித்த ஜேடு மோதிரம் ஒன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. ஏகலைவனிடம் துரோணர் சுண்டுவிரலைக் கேட்காமல் கட்டைவிரலைக் கேட்ட கொடுமை இந்த மோதிரத்தைப் பார்த்தால் இன்னும் நன்றாக உறைக்கும். இந்த முறையில் அம்பு வில்லின் வலப்பக்கம், இடது கைக் கட்டைவிரலின் மேல் படுத்திருக்கும். ஆங்கிலேயனுக்கு இடப்பக்கம், ஆசியாக்காரனுக்கு வலப்பக்கம். இரண்டிலும் தாங்கி கைதான்.

கைக்குப் பதிலாக ஒரு கருவியை முதலில் நினைத்துப் பார்த்தவர்களில் துருக்கியர் முக்கியமானவர்கள். தூரத்துக்கு எய்யும் பந்தயத்தில் அவர்களுக்குப் பைத்தியம். இஸ்தான்புல்லின் ஒக்மெய்தானி என்ற மைதானத்தில், 800 கஜத்துக்கும் மேலே போன அம்புகளின் நினைவாகக் கல் நட்டு வைத்தார்கள். அவ்வளவு தூரம் போக அம்பு சிறியதாக, லேசானதாக இருக்க வேண்டும். சிறிய அம்பை முழுக்க இழுத்தால் அதன் முனை பிடிக்கு உட்புறம் வந்துவிடும், கையைத் துளைக்கும். ஆகையால் இடது கையில் 'சிபெர்' என்று ஒரு சிறு பள்ளப் படியைக் கட்டிக்கொண்டு, அம்பின் முன்பாகத்தை அதன் மேல் ஓடவிட்டார்கள். அம்பு அமருவதற்கென்றே ஏற்பட்ட ஆசனம் அது.

பிறகு துப்பாக்கி வந்தது. வில் விளையாட்டுச் சாமானாயிற்று. அமெரிக்காவில் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் முதல்வர் மாரிஸ் தாம்ஸன் என்பதை நான் பெருமையோடு குறிப்பிட வேண்டும், ஏனென்றால் அவரும் ஒரு நாவலாசிரியர். 1878-ல் வில்வித்தையைப் பற்றி அவர் வெளியிட்ட புத்தகம் தேசம் முழுவதும் வில் மோகத்தைக் கிளப்பிவிட்டது. அடுத்த வருஷமே தேசிய வில் சங்கம் ஏற்பட்டு, அவரே அதற்குத் தலைவரும் ஆனார். நாவலாசிரியர்களால் உபயோகமே இல்லை என்று சொல்பவர்கள் கவனிக்க.

ஆனால் வேட்டைக்கு வில் திரும்பிய கதை அதைவிட உருக்கமானது. 1911-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம், கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்குப் பக்கத்தில், பசியால் வாடிய ஒரு மனிதன் காட்டிலிருந்து வெளியே வந்தான். யாஹி என்ற பழங்குடியில் அவன் ஒருவனே மிச்சம். மற்ற அத்தனை பேரையும் வெள்ளைக்காரர்களின் துப்பாக்கியும் நோயும் பசியும் கொண்டுபோய்விட்டன. தன் பெயரை அவன் யாருக்கும் சொல்லவில்லை. 'இஷி' என்று அழைத்தார்கள். அவன் பாஷையில் அதற்கு 'மனிதன்' என்று அர்த்தமாம். ஸான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக மியூசியத்தில் அவன் தங்கினான். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸாக்ஸ்டன் போப் என்ற சர்ஜன் வேலை பார்த்தார். வைத்தியம் பார்க்கப் போனவர் சிஷ்யரானார். வில் செய்வது, அம்பு செய்வது, கண்ணாடிச் சில்லைத் தட்டித் தட்டி அம்பு முனையாக்குவது, மானுக்குத் தெரியாமல் மானை நெருங்குவது என்று எல்லாவற்றையும் இஷி அவருக்குச் சொல்லிக் கொடுத்தான். 1916-ல் காச நோயால் இஷி இறந்தான். போப்பும் அவர் தோழர் ஆர்தர் யங்கும் அந்த வித்தையைக் கைவிடவில்லை. 1923-ல் போப் எழுதிய வேட்டைப் புத்தகத்தைப் படித்துத்தான் அமெரிக்காவில் ஒரு தலைமுறையே வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போயிற்று. 1934-ல் விஸ்கான்சின் மாநிலம் வில்லாளிகளுக்கென்று தனியாக மான் வேட்டைப் பருவம் ஒன்றை அனுமதித்தது.

வில் வேட்டை என்பது கைக்கெட்டும் தூரத்து வேட்டை. இருபது முப்பது கஜத்துக்குள் மான் வர வேண்டும். அம்பு நெஞ்சுக் கூட்டில் சரியாகப் பாய்ந்தால் மான் சீக்கிரத்தில் விழும். நாலு விரற்கடை பின்னால் தள்ளிப் பட்டால் ஓடிவிடும். எங்கேயோ ஒரு புதரில் ராத்திரி முழுவதும் கிடந்து சாகும். ஆகவே அம்பு ஏன் விலகுகிறது என்ற கேள்வி விளையாட்டுக் கேள்வி அல்ல.

அந்தக் கேள்விக்குள் ஒரு பழைய புதிர் இருந்தது. அம்பு வில்லின் பக்கவாட்டில் படுத்திருப்பதால், இழுத்து நிற்கும்போது அது குறியைப் பார்ப்பதில்லை. சற்று இடப்பக்கமாகப் பார்க்கிறது. விட்டவுடன் அந்தத் திசையில்தானே போக வேண்டும்? போகவில்லை! குறிக்கே போகிறது. பௌதிக நிபுணர்களான கிளாரன்ஸ் ஹிக்மனும் பால் கிளாப்ஸ்டெக்கும் 1930-களில் அதிவேகப் புகைப்படம் எடுத்து இந்த ரகசியத்தை உடைத்தார்கள். இந்த ஹிக்மன் லேசுப்பட்டவர் அல்ல. முதல் உலக யுத்தத்தின்போது ராக்கெட் மேதை காடர்டுடன் வேலை செய்தவர்.

படத்தில் என்ன தெரிந்தது என்றால், அம்பு நேராகப் போவதே இல்லை. விரல் நுனியிலிருந்து நாண் நழுவும்போது பக்கவாட்டில் ஒரு தள்ளு. அதனால் அம்பு பாம்பு போல வளைந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு நெளிந்து போகிறது. நெளிவு சரியான அளவில் இருந்தால் அம்பின் வால் பிடியில் படாமல் விலகிச் செல்லும். அம்பு ரொம்ப விறைப்பாக இருந்தாலும் தப்பு, ரொம்பத் துவண்டாலும் தப்பு. அந்தக் காலத்து அம்புத் தச்சன் மரத்தைக் கையால் வளைத்து வளைத்துப் பார்த்துப் பொறுக்கியதன் காரணம் இதுதான். அவனுக்குக் காரணம் தெரியாது, காரியம் தெரிந்திருந்தது.

இதன் பிறகு வில்லின் உருவமே மாறத் தொடங்கிற்று. பிடிக்கு மேலே ஜன்னல் போல வெட்டி, அம்பு வில்லின் நடுக்கோட்டுக்கு அருகே அமரும்படி செய்தார்கள். வெட்டின இடத்தில் ஒரு சிறு படி கிடைத்தது. படியில் தோலை ஒட்டினார்கள், இறகுத் துண்டுகளை ஒட்டினார்கள், மயிர்க்குச்சம் வைத்தார்கள், பிறகு பிளாஸ்டிக்கில் வளைந்த சிறு விரல், ஸ்பிரிங் வைத்த பொத்தான் என்று ஒவ்வொன்றாக வந்தன. இவற்றை விவரித்துப் பக்கத்தை நிரப்ப எனக்கு விருப்பமில்லை.

நிற்க வேண்டிய இடம் ஹாலஸ் வில்பர் ஆலன். மிஸௌரி மாநிலத்துக்காரர். மான் வேட்டைக்குப் போவார். நாணின் ஓசை கேட்டவுடன் மான் குனிந்து தாவிவிடும்; அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். கணக்குப் போட்டால் மானின் சாமர்த்தியம் புரியும். ஓசை வினாடிக்கு சுமார் 1,100 அடி போகிறது. அந்தக் கால வேட்டை அம்பு 200 அடிகூடப் போகாது. முப்பது கஜ தூரத்தில் ஓசைக்கும் அம்புக்கும் இடையே ஏறக்குறைய அரை வினாடி இருக்கிறது. மானுக்கு அது யுகம். அம்பை வேகப்படுத்த வேண்டும் என்று ஆலன் முடிவு செய்தார். நல்ல வில் ஒன்றின் இரண்டு நுனிகளையும் ரம்பத்தால் அறுத்து, மையம் விலகிய உருளைகளை மாட்டி, கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தார். நம் ஊர்க் கிணற்றுக் கப்பியின் தூரத்து உறவு. இழுக்கும்போது நடுவில் பாரம் அதிகம். முழுக்க இழுத்த பிறகு உருளை சுழன்று பாரத்தின் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொள்ளும். 1966-ல் பேடண்டுக்கு மனுப் போட்டார். 1969 டிசம்பரில் கிடைத்தது. 'காம்பவுண்டு வில்' பிறந்தது. டாம் ஜென்னிங்ஸ் என்ற வில் தயாரிப்பாளர் அதை ஊரறியச் செய்தார். பழைய வில்லாளிகள், "இது வில்லா, யந்திரமா?" என்று முகம் சுளித்தார்கள். ஆலன் 1979-ல் மோட்டார் விபத்தில் காயமடைந்து இறந்துபோனார். அவர் வில்லோ உலகச் சாம்பியன் போட்டியில் 1995-ல் இடம் பெற்றது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அதற்கென்று ஒரு கலப்புக் குழுப் போட்டியைச் சேர்ப்பதாக அறிவிப்பும் வந்தது. 2023-ல் பெர்லினில் நம் நாட்டு ஜோதி சுரேகா, பர்னீத் கௌர், அதிதி ஸ்வாமி மூவரும் உலகச் சாம்பியன் பட்டம் வென்றது இந்தக் கப்பி வில்லால்தான்.

காம்பவுண்டு வில் வந்ததும் அம்பு தாங்கியின் பிரச்னை தலைகீழாயிற்று. வில் குட்டையானதால் நாண் கூர்மையாக மடிந்து விரல்களை நசுக்கியது. ஆகையால் விரலை விட்டுவிட்டு, விசைக் கொக்கி ஒன்றால் நாணைப் பிடித்து இழுத்தார்கள். கொக்கி நாணைப் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. எனவே ஹிக்மன் படத்தில் கண்ட அந்தப் பக்கவாட்டு நெளிவு பெரும்பாலும் போய், அம்பு மேலும் கீழுமாக நெளியத் தொடங்கிற்று. இனிமேல் பக்கத்தில் தாங்கி உதவாது. அடியிலிருந்து தாங்க வேண்டும். கவட்டை போல இரண்டு முட்களை அடியில் வைத்தார்கள். இதே காலத்தில் மழையில் நனைந்து தொய்யாத பிளாஸ்டிக் இறகு பரவிற்று. நான் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன குணம் இங்கேதான் தொலைந்தது. பறவையின் இறகு மடங்கி நிமிரும்; பிளாஸ்டிக் முட்டும். முட்டினால் அம்பின் வால் தூக்கி அடிக்கும். முனையில் அகலமான கத்தி போன்ற அலகு வேறு இருப்பதால், அது காற்றைப் பிடித்து அந்தச் சிறு கோணலைப் பெரிதாக்கும்.

இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் விழுந்துவிடும் தாங்கி. அம்பு புறப்படும் வரை தாங்கிப் பிடித்திருந்துவிட்டு, வால் வந்து சேருவதற்குள் கீழே படுத்துக்கொள்ளும் கருவி. 'தானாக விழுந்தால் போதாதா, ஸ்பிரிங் எதற்கு?' என்று எனக்கும் தோன்றியது. பள்ளிக்கூடத்துப் பௌதிகம் விடை சொல்கிறது. அம்பு நாணை விட்டுப் பிரிய வினாடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் ஆகிறது. அந்த அவகாசத்தில் புவி ஈர்ப்பினால் ஒரு பொருள் விழக்கூடிய தூரம் அரை மில்லிமீட்டர்! ஆகவே இழுத்துத் தள்ளத்தான் வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆசான் மிச்சிகனில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன். அங்கே அக்டோபர் முதல் தேதியில் வில்லாளிகளின் மான் பருவம் ஆரம்பமாகிறது. இங்கே 1972-ஆம் வருஷத்துச் சட்டம் வேட்டையை நிறுத்திவிட்டது. அங்கே மான் பெருகிக் கட்டுக்கடங்காமல் போவதால் லைசென்ஸ் கொடுத்து வேட்டையாட விடுகிறார்கள். டெலிபோனில் ஒரு நாள், "மாமா, வில் வாங்கறதுக்கு ஒரு வாரம் ஆச்சு. இந்த விரல் நீளத் தாங்கியைத் தேர்ந்தெடுக்க ஆறு மாசம் ஆச்சு" என்றான்.

"கொலைக்குக்கூட இவ்வளவு யோசனையா?" என்றேன் நான்.

"கொலை ஒழுங்கா நடக்கணும்னுதான் யோசனை" என்றான்.

முந்திய வருஷம் அவனுடைய அண்டை வீட்டுக்காரரின் தாங்கியில் கட்டியிருந்த கயிறு மெல்ல நழுவித் தளர்ந்திருக்கிறது. அவர் பார்க்கவில்லை. தாங்கி நேரத்தில் எழும்பவில்லை. அம்பு மானின் வயிற்றில் பட்டது. என் மருமகனும் அவரும் விளக்கு வைத்துக்கொண்டு நடுநிசி வரை ரத்தத் துளிகளைத் தேடிப் போனார்கள். ஓர் ஓடைக்கரையில் துளி நின்றுவிட்டது. மறுநாளும் தேடினார்கள்; மான் கிடைக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவன் குரல் மாறிவிட்டது. பிறகுதான் எனக்கும் இந்தச் சாமானைப் பற்றி அக்கறை பிறந்தது.

அவன் சொன்னதைக் கொண்டும், படித்ததைக் கொண்டும் பார்த்தால், விழும் தாங்கிகளில் இரண்டு ஜாதி. ஒரு ஜாதியில் தாங்கியின் கயிற்றை, இழுக்கும்போது கீழே இறங்கும் வடத்தில் கட்டுகிறார்கள். வடம் இறங்க, தாங்கி எழும்புகிறது. விட்டவுடன் வடம் மேலே போக, கயிறு தளர்ந்து, ஸ்பிரிங் தாங்கியைக் கீழே அடிக்கிறது. மற்றொரு ஜாதியில் கயிறு வில்லின் தண்டிலேயே கட்டப்படுகிறது. சும்மா இருக்கும்போது கயிறு விறைப்பாக நின்று தாங்கியைக் கீழே அமுக்கி வைத்திருக்கும். வில் வளைந்தால் கயிறு தளரும். உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் தாங்கியைத் தூக்கும். அம்பு பாய்ந்து வில் நிமிரும் கடைசிக் கட்டத்தில்தான் கயிறு மறுபடி விறைத்துத் தாங்கியைச் சுண்டி இழுக்கும். இரண்டாவதில் அம்புக்கு அதிக நேரம் ஆதரவு கிடைக்கிறது. நேரத்தைச் சரிப்படுத்துவதும் சுலபம். முதலாவதில் கயிற்றின் நீளம் கொஞ்சம் பிசகினாலும் தாங்கி சீக்கிரமோ தாமதமோ ஆகிவிடும். அண்டை வீட்டுக்காரருக்கு நேர்ந்தது அதுதான்.

இன்னொரு தொல்லை, துள்ளல். வேகமாக விழுந்த தாங்கி, தரையில் விழுந்த பந்து போல எம்பி, விலகவேண்டிய இறகையே மறுபடி அடிக்கும். நல்ல தாங்கியில் துள்ளலை அடக்க ரப்பரோ பூட்டோ இருக்கும். இதைச் சோதிக்க அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான வழி உண்டு. பெண்டாட்டியின் உதட்டுச் சாயத்தை எடுத்து இறகின் ஓரத்தில் பூசி எய்வார்கள்; தாங்கியில் சிவப்புப் பட்டிருந்தால் உரசுகிறது என்று அர்த்தம். காலுக்குப் போடும் பவுடரைத் தூவிப் பார்ப்பவர்களும் உண்டு. ஒரு காகிதத்தைச் சட்டத்தில் மாட்டி அதன் வழியே எய்து, கிழிசலைப் பார்ப்பதும் உண்டு. சிறு வட்டமும் மூன்று கீறலும் என்றால் அம்பு நேர். ஒரு பக்கம் நீளக் கிழிந்தால் கோணல்.

விழாத தாங்கிகளையும் ஒதுக்கிவிடக் கூடாது. வட்ட வளையத்துக்குள் பிரஷ் மயிர்களை நிரப்பி, நடுவில் அம்பைச் செருகிவிடும் ஒரு வகை இருக்கிறது. அசையும் பாகமே இல்லை. மரத்தில் ஏறினாலும், தலைகீழாகப் பிடித்தாலும் அம்பு நழுவாது. ஆனால் இறகுகள் மயிரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும்; நாளடைவில் இறகு கசங்கும், வேகமும் சிறிது குறையும். மைதானத்தில் குறி பார்த்து எய்கிறவர்களோ மெல்லிய எஃகுத் தகடு ஒன்றையே தாங்கியாக வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மரம் ஏறுவதில்லை, மான் அவர்களை முறைத்துப் பார்ப்பதுமில்லை.

மருமகன் கடைசியில் வாங்கியது தண்டில் கட்டும் ஜாதி. அம்பைச் சுற்றிக் கூண்டு போல வளைத்துக்கொள்வது. முனைகளில் மெத்தென்ற துணி ஒட்டியிருக்கிறது. உறைபனிக் காலையில் உலோகத்தில் அம்புத் தண்டு உரசும் சின்ன ஓசைகூட மானுக்குப் போதுமாம். என்னைக் கேட்டால், ஆயிரம் தடவை சரியாக விழுந்து ஆயிரத்தோராவது தடவை ஏமாற்றும் சாமர்த்தியசாலியைவிட, கொஞ்சம் முரடானாலும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் பிரஷ் வளையமே மேல் என்பேன். அவன் சிரித்தான். "மாமா, நீங்க எய்யப் போறதில்லை" என்றான். ஆனால் ஒரு காரியம் செய்திருக்கிறான். கயிற்றில் முடிச்சு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறான். ஒவ்வொரு காலையும் மரத்தில் ஏறுமுன் அந்தக் கோட்டைப் பார்ப்பானாம்.

இத்தனை சாமான்களும் வேண்டாம் என்று பழைய வில்லுக்கே திரும்பிவிட்டவர்களும் அமெரிக்காவில் நிறைய இருக்கிறார்கள். ஒரே மரத்தில் வில் செதுக்கி, பறவை இறகு கட்டி, அதே காடுகளில் அதே மான்களைத் தேடிப் போகிறார்கள். இறகின் அடித்தண்டு கூராக நின்றால் தோலைக் கிழித்துவிடும் என்பதால் அதன் முன்நுனியில் நூலைச் சுற்றி வழவழப்பாக்குகிறார்கள்; சிலர் இடது கைக்கு மெல்லிய தோலுறை மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கயிறும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. அம்பை வைக்கும் இடம், மேரி ரோஸ் கப்பலின் வில்லாளி வைத்த அதே கை முட்டி.